விசா அப்புறம்... முதல்ல ஹெச்.ஓ.டி. கையெழுத்து!

வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப், ஒரு செமஸ்டர் படிப்பு என்று கனவு காண்கிறவர்கள் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய காகிதக் கதை!

உங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் சேர்ந்து அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு ஒருநாள் டூர் போறீங்கன்னு வச்சுக்குவோம். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். கணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலையடிவாரம். காலையில் கிளம்பினால் மானையும் மயிலையும் பார்த்து, அருவியில் தண்ணி இருந்தா நனைஞ்சு, பொழுது சாயறதுக்குள்ள ஹாஸ்டலுக்குத் திரும்பிடலாம். இதுக்கே என்னென்ன கேட்பாங்க? கிளாஸ் ரெப் எழுதின லெட்டர், கிளாஸ் அட்வைஸர் கையெழுத்து, ஹெச்.ஓ.டி. கையெழுத்து, பிரின்சிபால் கையெழுத்து, அப்பா அம்மா சம்மதக் கடிதம், கூட வர்ற ஸ்டாஃப் பெயர், பஸ் நம்பர்!

இப்போ அதே ஆபீஸில் போய், "ஜெர்மனியில் ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"னு கேட்டுப் பாருங்க. பல கல்லூரிகளில் முதல் பதில் மௌனம்தான். அடுத்த பதில், "ஆபீஸ்ல கேளு". ஆபீஸில் கேட்டால், "டிபார்ட்மென்ட்ல கேளு". 25 கிலோமீட்டருக்கு விதி இருக்கிறது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு விதி எங்கே எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

'அதான் நல்லதாச்சே, யாரும் கேட்கலைன்னா பேசாம கிளம்பிடலாமே' என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு ஷூவே போதும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூ நமக்கு முன்னாடியே ஜெர்மனியையும் இத்தாலியையும் பார்த்துவிட்டது. ஆனால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் இல்லாமல் ஒரு ஜோடி ஷூகூட கப்பல் ஏறாது. எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி, யார் அனுப்பினது, யாருக்குப் போகுது, வழியில் ஏதாவது ஆனா யார் பொறுப்பு... எல்லாம் பேப்பரில் இருக்கும். ஷூவுக்கு இருக்கிற பாதுகாப்பு அதைச் செய்த ஊரிலிருந்து கிளம்புகிற ஸ்டூடண்டுக்கு வேண்டாமா?

கல்லூரி தரும் அனுமதிக் கடிதம் ஒரு தயவு இல்லை, பாஸ். உங்கள் சீட்டு, உங்கள் கிரெடிட், சில சமயம் உங்கள் உயிர்... மூன்றுக்கும் அதுதான் ரசீது. அதை எழுத்தில், கிளம்பும் முன்னாடி வாங்க வேண்டும். எப்படி என்று பார்ப்போமா?

நீங்க எந்த டைப்?

'வெளிநாடு போறேன்' என்று பொதுவாகச் சொன்னால் எந்த அதிகாரிக்கும் புரியாது. போகிற காரணத்தைப் பொறுத்து அனுமதி தருகிற ஆளும் மாறுவார்.

விடுமுறை இன்டர்ன்ஷிப்தான் ரொம்ப சுலபமான வகை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்கள் ரெகுலேஷன் புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள். ஆராய்ச்சி நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ இன்டர்ன்ஷிப் செய்யலாம், அதற்குக் கல்லூரித் தலைமையின் ஒப்புதல் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கணக்கு. 2 வாரத்துக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2 கிரெடிட். அதாவது, 'வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு நம்ம காலேஜ்ல ரூல் கிடையாது' என்று யாராவது சொன்னால், ரூல் இருக்கிறது, ஃபாரம்தான் இல்லை!

ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் வேறு கதை. இதற்கு உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் நீங்கள் இங்கே வழக்கமான ஃபீஸ் கட்டுவீர்கள், அங்கே டியூஷன் ஃபீஸ் இருக்காது. ஒப்பந்தம் இல்லாமல் நீங்களாகப் போனால் அங்கே படித்த பாடம் இங்கே மார்க் ஷீட்டில் ஏறுவது கஷ்டம்.

மூன்றாவது வகை, பட்டமே இரண்டு நாட்டுப் படிப்பாக இருப்பது. ட்வின்னிங், ஜாயின்ட் டிகிரி, டூயல் டிகிரி என்று சொல்வார்கள். இதற்கு யு.ஜி.சி. 2022 மே மாதத்தில் விதிமுறை கொண்டுவந்தது. நாக் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 வாங்கிய கல்லூரிகள், என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 இடத்தில் இருப்பவை, 'இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எமினன்ஸ்' அந்தஸ்து பெற்றவை ஆகியவை, உலகத் தரவரிசையில் முதல் 1,000 இடத்துக்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு தனி அனுமதி கேட்காமலே கைகோக்கலாம். ட்வின்னிங்கில் வெளிநாட்டில் சம்பாதிக்கும் கிரெடிட் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் தெரிந்துவைத்தால், நோட்டீஸ் போர்டில் 'ஃபாரின் டிகிரி' என்று கலர் பேப்பர் ஒட்டும்போது சரியான கேள்வி கேட்கலாம்: "இது ட்வின்னிங்கா, ஜாயின்ட்டா, டூயலா? பட்டத்தில் யார் பெயர் இருக்கும்?"

நம்ம வேலூரிலேயே வி.ஐ.டி.யைப் பாருங்கள். 1984-ல் வேலூர் இன்ஜினீயரிங் காலேஜாகத் தொடங்கி 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான இடம். அங்கே சர்வதேச உறவுகளுக்கென்றே தனி அலுவலகம், 'செமஸ்டர் அப்ராட்' என்று தனித் திட்டம், இரண்டு வருஷம் இங்கே - மிச்சம் வெளிநாட்டில் என்று ஒரு டிரான்ஸ்ஃபர் திட்டம் எல்லாம் உண்டு. யாரைக் கேட்பது என்ற குழப்பம் அங்கே குறைவு. அதே வேலூரில், அதே காட்பாடி ரயிலில் வந்து இறங்கி, வேறொரு கல்லூரிக்கு டவுன் பஸ் பிடிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. திறமையில் வித்தியாசம் இருக்கிறதோ இல்லையோ, தகவலில் மலையளவு வித்தியாசம்! இந்தக் கட்டுரை அந்த டவுன் பஸ் நண்பர்களுக்குத்தான் முக்கியமாக.

முகவுரையில் கிடைத்த அனுமதி

'ரூல்ல இடமில்லை' என்ற பதிலைக் கேட்டு நீங்கள் சோர்ந்துபோனால், 110 வருஷத்துக்கு முந்தைய ஒரு ஃபைலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அது கணித மேதை ராமானுஜத்தின் ஃபைல்.

எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், மெட்ராஸ் துறைமுகத்தில் கிளார்க். அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர வேண்டும் என்று 1913-ல் பேச்சு வந்தபோது, விதி குறுக்கே நின்றது. உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இவரிடமோ எந்தப் பட்டமும் இல்லை. அப்போது கைகொடுத்தவர் நீதிபதி பி.ஆர்.சுந்தரமய்யர். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று, அதை அமைத்த சட்டத்தின் முகவுரையிலேயே இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். கதவு திறந்தது. மாதம் 75 ரூபாய். ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அவரும் தந்தார். இன்றைக்கு நம்மிடம் கேட்கிற இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா!

அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் பயணம். அங்கிருந்து மெட்ராஸுக்கு வந்திருந்த கணிதவியலாளர் நெவில், ராமானுஜத்தை அனுப்பச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகம் மட்டும் சம்மதித்தால் போதாது, அரசாங்கத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. கவர்னர் பென்ட்லாண்ட் பிரபு வரைக்கும் ஃபைல் போனது. இரண்டு வருஷத்துக்கு, வருஷம் 250 பவுண்டு உதவித்தொகை, பயணச் செலவு தனி. அதில் ஒரு பகுதி மாதாமாதம் கும்பகோணத்தில் அம்மாவுக்குப் போகும்படியும் ஏற்பாடு. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் கிளம்பினார்.

நெவில் எழுதிய கடிதம் ஜனவரி கடைசியில். கப்பல் மார்ச் நடுவில். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. ஈமெயில் இல்லை, ஸ்கேன் இல்லை. விதி ஒரு சுவர்தான். ஆனால் அதில் கதவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க ஒரு ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நீங்கள் கடிதம் எழுதும்போது உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடியுங்கள். எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஒருத்தராவது இருப்பார், நிச்சயமா!

யாரும் கேட்காததுதான் ஆபத்து

இப்போது கொஞ்சம் சீரியஸ்.

பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர் என்றால் உங்கள் பாஸ்போர்ட் 'குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை' வகை. பத்தாவது படிக்காத ஒருவர் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால், 1983-ம் வருஷச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்க்கும். உங்களுக்கு அந்தச் சோதனை இல்லை. படித்தவர், தானே பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக் கும்பல் பயன்படுத்திக்கொள்கிறது.

2022-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி மிரட்டினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஐ.டி. படித்த இளைஞர்களுக்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் 5 அன்று மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் படிக்காதவர்கள் இல்லை. நம்மை மாதிரி லேப்டாப்பும் ரெஸ்யூமும் வைத்திருந்தவர்கள்தான்.

அவர்கள் வேலைக்குப் போனவர்கள், நாம் இன்டர்ன்ஷிப்புக்குத்தானே என்கிறீர்களா? பொறி ஒன்றுதான். "முதல்ல விசிட்டர் விசாவுல வாங்க, அங்க வந்து மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே போனை வையுங்கள். கம்பெனியின் அழைப்புக் கடிதத்தைக் கல்லூரி வாங்கிப் பார்த்து, அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, 'இவர் எங்கள் மாணவர், நீங்கள் கொடுத்த கடிதம்தானா?' என்று கேட்டாலே பாதிப் பொய் உதிர்ந்துவிடும். ஹெச்.ஓ.டி. கையெழுத்துக்குப் பின்னால் இந்த ஒரு மெயில் இருந்தால், அது சம்பிரதாயம் இல்லை, கவசம்.

அதே 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். 'ஆபரேஷன் கங்கா' மூலம் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் மாணவர்கள். அந்த மாதிரி நேரத்தில் முதல் கேள்வி, 'நம்ம பசங்க யார் யார், எங்கே இருக்காங்க?' அதற்குப் பதில் யாரோ ஒருவர் கையில் தயாராக இருக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் வெளிநாடு போகும் முன் பயணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆபத்தான நாடு என்றால் தனி ஒப்புதல் கேட்பார்கள். நம் பக்கம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கிய 'மதத்' இணையதளம் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் விவரத்தை அதில் பதிந்துவைக்கலாம். காசு ஒரு பைசா கிடையாது.

அங்கேயும் ஒரு ரூல் புக் இருக்கு!

இங்கே அனுமதி வாங்கியாச்சு என்று விசில் அடிக்காதீர்கள். போகிற நாட்டின் விதியும் உங்கள் கல்லூரிக் கடிதத்தைத்தான் தேடும்.

ஜெர்மனியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் தன் படிப்புக்குச் சம்பந்தமான இன்டர்ன்ஷிப் செய்ய ஒரு வழி இருக்கிறது. நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், அதிகபட்சம் ஒரு வருஷம், அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் சம்மதம் வேண்டும். அப்போ செகண்ட் இயர் படிக்கும்போதே ஜெர்மன் கம்பெனிக்கு மெயில் போடும் தம்பி, தங்கச்சிகளே... கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கல்லூரி தரும் கடிதத்தில் 'இவர் இத்தனை செமஸ்டர் முடித்தவர், இந்த இன்டர்ன்ஷிப் இவர் படிப்புக்குத் தொடர்பானது' என்ற இரண்டு வரி இருப்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவுக்கு இன்டர்னாகப் போக ஜே-1 விசா. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஸ்பான்ஸர் அமைப்பு டி.எஸ்.-2019 என்ற படிவம் தர வேண்டும். கூடவே டி.எஸ்.-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம். என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், யார் மேற்பார்வை என்பதெல்லாம் அதில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். மாணவராக இருக்க வேண்டும், அல்லது பட்டம் வாங்கி 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். அந்த விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 'மூணு மாசம் இன்டர்ன்ஷிப்' என்று ரவுண்டாகச் சொல்வோமே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கூட்டிப் பாருங்கள். 92 நாள்! இரண்டு நாளில் சட்டவிரோதி ஆகிவிடுவீர்கள்.

கேலண்டர் இன்னொரு வில்லன். அங்கே பல இன்டர்ன்ஷிப்புகள் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் வரும். நமக்கோ அதற்குள் ஒற்றைப்படை செமஸ்டர் தொடங்கிவிடும். அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டு மாதிரி சிலவற்றுக்குத்தான் சலுகை. 'நான் இத்தாலியில் தோல் பதனிடும் மெஷின் பார்த்துக்கிட்டிருந்தேன்' என்பது அந்தப் பட்டியலில் தானாக வராது. ஆக, செமஸ்டர் தொடங்கிய பிறகு எத்தனை நாள் வெளியே இருப்பீர்கள், அந்த நாட்கள் ஓ.டி.யா, ஆப்சென்ட்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

கிரெடிட் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஐரோப்பாவில் ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. அங்கே ஒரு கிரெடிட் என்பது வீட்டில் உட்கார்ந்து படிக்கிற நேரமும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கணக்கில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். அங்கே 30 வாங்கிட்டு வந்து இங்கே 30 கேட்டால் கிடைக்காது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்ற பட்டியலைக் கிளம்பும் முன் போட்டு, டிபார்ட்மென்ட் முத்திரையோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்கூட வில்லங்கம்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வரும் ஸ்பெஷல் தலைவலி இது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னாடி. ஆதாரில் பின்னாடி. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று அறிவித்து நம்மவர்களைக் கலங்கவைத்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று விளக்கம் வந்தது.

ஆக, கல்லூரியிடம் கடிதம் கேட்கும்போது, 'மார்க் ஷீட்டில் உள்ள இன்னாரும் பாஸ்போர்ட்டில் உள்ள இன்னாரும் ஒருவரே' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நம்பரும் கடிதத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ராணிப்பேட்டை தனி மாவட்டம். உங்கள் பழைய ஆவணங்களில் 'வேலூர் மாவட்டம்' என்று இருக்கலாம். விண்ணப்பத்தில் ஒரு மாவட்டம், ஆதாரத்தில் ஒரு மாவட்டம் என்று கலந்துகட்டாமல் முதலில் ஆதாரைச் சரி பண்ணுங்கள். பாஸ்போர்ட்டே இல்லையா? இன்டர்ன்ஷிப் கிடைத்த பிறகு பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 10 வருஷம் செல்லும். தத்கல் என்றால் மேலே 2,000. ஒரு செமஸ்டர் பிரியாணிச் செலவில் முடிகிற வேலை!

லெட்டரில் என்ன எழுதணும்?

'உயர்திரு முதல்வர் அவர்களுக்கு, வெளிநாடு செல்ல அனுமதி தருமாறு தாழ்மையுடன்...' என்று நாலு வரி எழுதினால், பதிலும் நாலு வரிதான் வரும். கேட்க வேண்டியதை நீங்களே பட்டியல் போடுங்கள்:

* போகும் இடம், நிறுவனம், தேதி. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் தெளிவாக.

* அங்கே பொறுப்பாளர் யார்? அவருடைய அலுவலக மெயில், போன். இலவச மெயில் முகவரி மட்டும்தான் இருக்கிறது என்றால், நீங்களே சந்தேகப்படுங்கள்.

* செலவு யாருடையது? ஸ்டைபெண்ட் உண்டா? இன்டர்ன்ஷிப் தருவதற்காக உங்களிடமே பெரிய தொகை கேட்கிறார்களா? கேட்டால் அது ஏன் என்று கல்லூரியும் தெரிந்துகொள்ளட்டும்.

* வகுப்பு நாட்கள் எத்தனை போகும்? அது ஓ.டி.யா? இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டால் மறுபடி வைப்பார்களா? செமஸ்டர் தேர்வுத் தேதியோடு மோதுகிறதா?

* கிரெடிட் உண்டா, எத்தனை, எந்தப் பாடத்துக்கு ஈடாக? ரிப்போர்ட்டை யாரிடம், எப்போது தர வேண்டும்?

* ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் இங்கே கைடு யார், ரிவ்யூ ஆன்லைனிலா நேரிலா?

* ஸ்காலர்ஷிப்பிலோ கல்விக் கடனிலோ படிப்பவர்கள், இந்தப் பயணத்தால் அது நிற்குமா என்று தனியாகக் கேளுங்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் அமிர்திப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நண்பர்களுக்கு இது உயிர்நாடி.

கையெழுத்தான பிறகு ஒரு காப்பி உங்களிடம், ஒரு காப்பி வீட்டில், ஸ்கேன் மெயிலில். வாய்வார்த்தையாக 'போயிட்டு வா, பார்த்துக்கலாம்' என்று சொன்ன ஹெச்.ஓ.டி. அடுத்த செமஸ்டரில் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம். பேப்பர் மாறாது.

கல்லூரிகள் கையெழுத்துக்கு முன் உங்களிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் நீட்டும். 'எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல' என்று அதில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். இன்ஷூரன்ஸ் உங்கள் பொறுப்பு, நடத்தை உங்கள் பொறுப்பு என்றால் நியாயம். ஆனால் கல்லூரியே பேசி, கல்லூரியே அனுப்பும் பயணத்திலும் 'எதற்கும் பொறுப்பல்ல' என்றால், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் அந்தப் பத்திரத்திலேயே வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கல்லூரிகளுக்கும் நாலு வார்த்தை!

எல்லாக் கடமையும் மாணவருக்கு மட்டும்தானா? ஒரே ஒரு பக்கம் போதும், சார். யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன இணைக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் கிடைக்கும், மறுத்தால் காரணம் எழுதுவீர்களா, மேல்முறையீடு யாரிடம்? இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். விதி எழுதாத இடத்தில் செல்வாக்குதான் விதி. மேனேஜ்மென்ட்டில் தெரிந்தவர் இருந்தால் ஒரே நாளில் கையெழுத்து, மற்றவருக்கு மூன்று வாரம் அலைச்சல். விசா அப்பாயின்ட்மென்ட்டோ யாருக்காகவும் காத்திருக்காது.

இன்னொரு விஷயம், பெண்கள் பற்றியது. பையன் கேட்டால் ஒரு சம்மதக் கடிதம். பெண் கேட்டால் அப்பா நேரில் வர வேண்டும், தங்குமிடம் லேடீஸ் ஹாஸ்டலா என்று சான்று வேண்டும், 'கூட யாரும் வரலையா?' என்ற கேள்வி வேறு. பாதுகாப்பு பற்றிய அக்கறை சரி. அப்படியென்றால் தங்குமிடச் சான்றை இருவரிடமும் கேளுங்கள். மியாவாடியில் சிக்கிக்கொண்ட பையன்களிடம் யாராவது அந்தச் சான்றைக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நம்ம பகுதிக்கு இது ரொம்பவே பொருந்தும். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில் இருக்கிறது. தோல் என்றாலே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று உலகச் சந்தைக்குத் தெரியும். பாலாற்றை தோல் கழிவு என்ன செய்தது என்பதும் தெரியும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன புகழ்பெற்ற வழக்கின் பெயரே வேலூர் மக்கள் நலமன்றத்தின் பெயர்தான். கழிவு நீரைச் சுத்தம் செய்வது எப்படி, குரோமியம் இல்லாமல் தோல் பதனிடுவது எப்படி என்பதை இத்தாலியின் அர்சிக்னானோவில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒரு கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவி, திரும்பி வந்து வேலை செய்யப்போவது இதே பாலாற்றங்கரையில்தான். அவர் ஃபைல் மேஜையில் தூங்கினால், நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை.

ஆகவே மக்களே, அடுத்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதோ இல்லையோ, நாலு பேராகச் சேர்ந்து உங்கள் கல்லூரி ஆபீஸுக்குப் போங்கள். "வெளிநாட்டுப் பயண அனுமதிக்கு நம்ம காலேஜ்ல நடைமுறை என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நடைமுறை இருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றால், அந்தக் கடிதத்தோடு ஒரு ஃபைல் தொடங்கும். அந்த ஃபைலுக்கு முதல் பேப்பர் வைத்தது உங்கள் பேட்ச்சாக இருக்கட்டும்!